அரிசி வேண்டாம் என்றாள் மருமகள்

"இந்த வருஷம் எங்களுக்கு அரிசி வேண்டாம் அயித்தை."

போன வாரம், சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூரிலிருந்து வந்து, பையைக் கீழே வைத்த கையோடு சிவரஞ்சனி சொன்னது இது. "ஏன்த்தா?" என்று தேனம்மை கேட்டாள். "ஒண்ணுமில்ல அயித்தை" என்று சொல்லிவிட்டு மருமகள் கைகால் கழுவப் போய்விட்டாள். அந்த ஒண்ணுமில்லைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அன்றிலிருந்து தேனம்மை பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அரிசி என்றால் கடையில் வாங்குகிற பையைச் சொல்லவில்லை. காரைக்குடிப் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் வேறு வைத்துவிடுவார்கள். சண்டை போட்டுப் பிரிப்பதில்லை இது. ஒரே வீட்டில் இருந்தாலும் புதுசாகக் கல்யாணமானவர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். வருஷத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் பெரியவர்கள் அளந்து கொடுத்து, இனி உங்கள் குடித்தனத்தை நீங்களே நடத்துங்கள் என்பார்கள். ஆதித்தனும் சிவரஞ்சனியும் அடுப்பைப் பெங்களூரில் வைத்தார்கள். அதனால் என்ன, தை பிறந்ததும் தேனம்மை வீட்டு மூட்டைகள் பெங்களூருக்கு வண்டி ஏறிவிடும். அதை ஒருத்தி வேண்டாம் என்றால் எந்த மாமியாருக்குத் தூக்கம் வரும்?

அது மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. சிவரஞ்சனி வேலை பார்ப்பது ஹால்வெர் என்கிற அமெரிக்க சிப் கம்பெனியில். அந்தக் கம்பெனியின் அடுத்த பிராசசர் டன்ட்ரா ஜனவரியில் வெளிவரப் போகிறது. தேனம்மைக்குப் பிறந்த வீட்டில் அவள் பேருக்கென்று கொடுத்த பணம், கட்டிய கணவர் கூட இன்றுவரை தொடாத பணம், முழுவதும் ஹால்வெர் ஷேராகக் கிடக்கிறது. டன்ட்ரா ஓடினால் அந்தப் பணம் ஓடும். படுத்தால் படுக்கும்.

இப்போது சொல்லுங்கள். பிராசசர் வெளிவர இன்னும் சில வாரம் இருக்கும்போது, அந்த பிராசசரைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் இருக்கிற ஒருத்தி லீவு போட்டுவிட்டு மாமியார் வீட்டில் வந்து உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? வருஷத்து அரிசியும் வேண்டாம் என்றால்?

இன்றைக்குப் பிள்ளையார் நோன்பு. பொழுது சாயும் நேரத்தில் பிள்ளையார் முன்னால் வீட்டில் உள்ள எல்லோரும் இழை எடுத்துக்கொள்ள வேண்டும், மாவில் எரிகிற திரியைச் சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். காலையிலேயே செக்காலையிலிருந்து ஓர் ஆட்டோ நிறையப் பொரி மூட்டைகளோடு வந்து இறங்கினார் பூமிநாதன். தேனம்மையின் கொழுந்தனார். செக்காலையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடையைவிட அவருக்குப் பெரிய தொழில், 'சிப்பு வட்டம்' என்கிற வாட்ஸ்அப் குழு. ஊரில் சிப் கம்பெனி ஷேர் வைத்திருக்கிற எல்லோரும் அதில் இருக்கிறார்கள், அவர் ஆச்சி என்று கூப்பிடுகிற அண்ணன் மனைவி உட்பட.

பொரியை இறக்கி முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஆச்சி, ஹால்வெரை இன்னுமா கையில வச்சிருக்கீக?"

"வச்சிருந்தா உங்களுக்கு என்ன தம்பி செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யல. நான் போன மாசமே வித்துட்டு வெளிய வந்துட்டேன். உங்களை நெனச்சாத்தான் கவலையா இருக்கு. டன்ட்ரா ஜனவரியில வருதுங்கிறாக. போன ஜனவரியிலயும் இதைத்தான் சொன்னாக. அதுக்குள்ள போட்டிக்காரன் சிப்பு சந்தைக்கு வந்து ஓடிக்கிட்டு இருக்கு. சிப்பு வாங்குற கம்பெனிக்காரன் பூரா அதுக்குத் தோதா ப்ரோகிராம் எழுதி வச்சிட்டான். புதுசா ஒருத்தன் வந்து, என் சிப்பு நல்ல சிப்புன்னா, எழுதினதை எல்லாம் அழிச்சிட்டு வருவானா?"

தேனம்மை பி.காம். படித்தவள். இந்தக் கேள்விக்கு அவள் போன வாரமே பதில் யோசித்து வைத்திருந்தாள்.

"கரண்டு பில்லு யாரு கட்டுறது? அதே வேலையை டன்ட்ரா பாதி கரண்டுல பாக்கும்ங்கிறாக. மாசா மாசம் பில்லு கட்டுறவன் அழிச்சு எழுதத்தான் செய்வான்."

"பாக்கும்ங்கிறது யாரு? விக்கிறவுக." பூமிநாதன் தூணில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டார். "சரி, அதை விடுங்க. செய்யிறதுல எத்தனை தேறுதுன்னு யாராச்சும் சொன்னாகளா? ஆத்தங்குடியில தரைக்கல்லு ஊத்துறவன்கிட்ட கேட்டுப் பாருங்க. பத்து ஊத்தி ஆறு ஒடஞ்சா, மிச்ச நாலும் எம்புட்டு அழகா இருந்து என்ன பண்ண? வெலை கட்டாது. தைவான் ஃபேக்டரியில பாதிக்கு மேல தேறலைன்னு பேச்சு."

"பேச்சுத்தானே தம்பி."

"பேச்சுத்தான். அது நெசமா பொய்யான்னு உள்ளுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சு போச்சு."

அவர் கண் காட்டிய பக்கத்திலிருந்து சிவரஞ்சனி காபியோடு வந்தாள். பூமிநாதன் குரலைத் தேனாக்கிக்கொண்டார்.

"வாத்தா. நம்ம டன்ட்ரா எப்புடி இருக்கு?"

"ஆபீஸ் விஷயம் பேசக்கூடாது சின்ன மாமா."

"பேச வேணாம்த்தா. சும்மா சிரி. சிரிச்சா வாங்கிக்கிறோம், சிரிக்காட்டி வாங்கலை. அம்புட்டுத்தான்."

சிவரஞ்சனி சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டம்ளரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டாள்.

"பாத்தீகளா ஆச்சி? சிரிக்கல!"

"உங்க பகடிக்கு யாரு தம்பி என்னைக்குச் சிரிச்சிருக்காக?" என்றாள் தேனம்மை. வாய்தான் அப்படிச் சொன்னது. மருமகள் சிரிக்காததை மனசு தனியாக எடுத்து முடிந்து வைத்துக்கொண்டது.

பூமிநாதன் காபியை ஒரு வாய் குடித்தார். பிறகு கிட்டத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அரிசி வேணாம்னுருச்சாமே?"

தேனம்மைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவள் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அந்த ஓர் ஆளான அவள் கணவர் சத்தியமூர்த்தி நாற்காலியில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டின் முன்பகுதியை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவதற்கு விட்டு நடத்துகிறவர். வருகிறவர்கள் ரகசியத்தையெல்லாம் காப்பாற்றுவார். வீட்டு ரகசியம் மட்டும் அவர் வாயில் தங்காது.

"தம்பிகிட்ட சொன்னா என்ன தப்பு?" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"தப்பே இல்ல. வாட்ஸ்அப்ல போட்டுட்டு வந்திருக்காகளான்னு கேளுங்க."

"சேச்சே, அதெல்லாம் போடல" என்றார் பூமிநாதன். போட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். "ஆனா ஆச்சி, வருஷத்து அரிசி வேணாம்ங்கிறவ, வருஷம் பூரா அந்த ஊர்ல இருக்கப் போறதில்லைன்னுதானே அர்த்தம்? வேலை போயிருக்கு. வேலை போயிருக்குன்னா சிப்பு ஊத்திக்கிருச்சு."

சத்தியமூர்த்தி பேப்பரை இறக்கினார். "ஏன்டா, வெளிநாட்டுக்கு அனுப்புறாகளோ என்னமோ? சிப்பு நல்லா வந்தாத்தானே ஆளை மேல தூக்கி விடுவாக? அந்த ஊருக்கு அரிசியைக் கப்பல்லயா அனுப்ப முடியும்?"

அண்ணனும் தம்பியும் அதை வைத்து ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். ஒரே அரிசிதான். ஒருவருக்கு அதில் நஷ்டம் தெரிந்தது, இன்னொருவருக்கு லாபம் தெரிந்தது. தேனம்மைக்கோ இரண்டுமே தெரிந்தன, பாதிப் பாதியாக. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. விற்றுவிட்டுப் பிறகு ஏறினால் நெஞ்சு வெடித்துவிடும். வைத்திருந்து இறங்கினால் பிறந்த வீட்டுப் பணத்தைக் கரைத்தவள் என்ற பேர் கடைசிவரை நிற்கும்.

எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தவள் பத்தடி தூரத்தில் ஆவாரம்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறாள். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நான் என்ன அந்நியமா, என்று தேனம்மைக்குப் பொருமலாக வந்தது.

மத்தியானம் ஆதித்தன் காரில் வந்து சேர்ந்தான். பெங்களூரிலிருந்து ஒரே மூச்சாக ஓட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னான். ஆனாலும் முகத்தில் களைப்பு இல்லை. வழக்கத்தைவிடக் கலகலப்பாக இருந்தான். தம்பதி இழை எடுக்கிற நாளில் மகன் வந்துவிட்டான் என்று தேனம்மைக்குச் சந்தோஷம்தான். புருஷன் குரல் கேட்டும் சிவரஞ்சனி வெளியே வரவில்லை என்பதையும் அவள் கவனித்தாள். கவனிக்காமல் இருப்பாளா?

"என்னப்பா, ரெண்டு பேருக்குள்ள ஏதும் மனஸ்தாபமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"அரிசி வேணாங்கிறாளே?"

ஆதித்தன் ஒரு கணம் நின்றான். "அதை அவகிட்டயே கேளுங்க" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, தேனம்மையின் இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்தான். "நோன்பு நாள்லயும் இதைக் கட்டிக்கிட்டுத்தான் திரியணுமா? இன்னிக்கு ஒரு நாளாவது ஷேரு, விலைன்னு பாக்காம இருங்கம்மா. நான் மேல வச்சிடுறேன்."

வைத்தும் விட்டான், அலமாரியின் உச்சியில், அவள் முக்காலி போட்டால்தான் எட்டும் உயரத்தில். தேனம்மைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அம்மா உடம்பு கெட்டுவிடும் என்று நினைக்கிற பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? நேற்றிலிருந்து நோன்பு வேலையில் அவளும் ஷேர் பார்க்கிற பக்கமே போகவில்லை. போகாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று என்று எண்ணிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து வீடு கொஞ்சம் அடங்கியது. இழை மாவுக்கு வெல்லம் எடுக்கத் தேனம்மை பின்கட்டுக்குப் போனபோது, கிணற்றடியில் சிவரஞ்சனி போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். தேனம்மை கதவோரம் நின்றாள். ஒட்டுக் கேட்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நின்றாள்.

"இல்லை, நிச்சயமாக இல்லை" என்றாள் சிவரஞ்சனி. "வீட்டில் யாரும் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. எழுதிக் கொடுத்ததற்கு நான் பொறுப்பு."

பேசிவிட்டுத் திரும்பியவள், வெல்லமும் கையுமாக நிற்கிற மாமியாரைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

இனிமேல் சுற்றி வளைக்கத் தேனம்மைக்குப் பொறுமை இல்லை.

"வேலை போச்சாத்தா?"

"இல்ல அயித்தை."

"சிப்பு சரியா வரலையா?"

சிவரஞ்சனி பேசவில்லை.

"அப்ப நல்லா வந்திருக்கா?"

அதற்கும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியது. "அயித்தை, ஆமான்னாலும் சொல்லக்கூடாது, இல்லைன்னாலும் சொல்லக்கூடாது. நீங்க கேட்டு நான் சும்மா நின்னா, அதையும் ஏதோ ஒரு அர்த்தமா எடுத்துக்கிறீக. சின்ன மாமா சிரிக்கச் சொல்றாக. இந்த வீட்ல நான் தும்மினாக்கூட ஷேரு ஏறும் எறங்கும் போல இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

"வேலைக்கு. டன்ட்ரா வெளிய வந்து, லாப நஷ்டக் கணக்கு சொல்ற நாள் வரைக்கும் நானும் என் குடும்பமும் கம்பெனி ஷேரைத் தொடக்கூடாது. வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது. யாராச்சும் தொட்டா எனக்கு வேலை போகும். கேஸ் போட்டாலும் போடுவாக. அப்புறம் எந்த சிப்பு கம்பெனியும் என்னைச் சேக்க மாட்டான்."

தேனம்மைக்குள் இருந்த பழைய வட்டிக்கடை ரத்தம் சட்டென்று விழித்துக்கொண்டது. சட்டம் என்று ஒன்று வந்தால் அதில் சந்து ஒன்று இருக்கும் என்பது அவள் குலத்து நம்பிக்கை.

"உன் குடும்பம் தொடக்கூடாது, சரி. நான் எப்படித்தா உன் குடும்பம்? உங்களை நான் வேறு வச்சாச்சு. ஊரைக் கூட்டி, அடுப்பு குடுத்து, பாத்திரம் குடுத்து வச்சிருக்கேன். உன் உலை வேற, என் உலை வேற. நாளைக்கே நான் வித்தா உன்னை எவன் கேக்குறது?"

"நானும் அதைத்தான் சொன்னேன் அயித்தை."

"யாருகிட்ட?"

"ஆபீஸ் வக்கீலம்மாகிட்ட. எங்க ஊர் வழக்கத்துல நாங்க தனிக் குடும்பம்னு வெளக்கமாச் சொன்னேன். அவங்களும் சரின்னுட்டு, உங்க குடித்தனச் செலவுல வேற யாருக்காவது பங்கு இருக்கான்னு கேட்டாக. மாமியார் அரிசி அனுப்புவாகன்னேன். எத்தனை மாசத்துக்குன்னாக. வருஷம் பூராவுக்கும்னேன். பருப்பு, புளி, மிளகாய், நல்லெண்ணெய் எல்லாத்தையும் சொன்னேன். அந்தம்மா எல்லாத்தையும் எழுதிக்கிட்டாக. அப்புறம், வருஷம் முழுக்க உங்களுக்குச் சோறு போடுறவங்க உங்க குடும்பம் இல்லைன்னு நான் எப்படி எழுதுறதுன்னாக."

தேனம்மை வெல்லத்தைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டாள்.

"போன தையில அரிசி வந்திருச்சு. அதனால இந்தத் தடவை உங்க பேரை என் குடும்பம்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப நீங்க தொடக்கூடாது. ஆனா வர்ற தையில அரிசி வரலைன்னா, உங்களுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதிடலாம். அப்புறம் உங்க காசு உங்க இஷ்டம், நெனச்ச நேரத்துல விக்கலாம், வாங்கலாம். அது உங்க பிறந்த வீட்டுக் காசு. என் வேலையால உங்க கையைக் கட்டிப்போட எனக்கு மனசு வரல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இதைப் போன்ல சொல்ல முடியலைன்னுதான் லீவு போட்டு வந்தேன். வந்தா, இங்க எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கிறாக. வாய் வரல."

 தேனம்மைக்கு வெட்கமாக இருந்தது. வந்த நாளிலிருந்து இந்தப் பெண் எழுந்ததும் உட்கார்ந்ததும் எல்லாம் சந்தேகமாகவே தெரிந்தது அவளுக்கு. கொழுந்தனார் சிரிக்கச் சொல்லி வம்பு செய்தபோது ஒரு வார்த்தை கண்டித்திருக்கலாம். கண்டிக்காமல், சிரிப்பாளா என்று அவளும்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இவளோ மாமியார் காசைக் காப்பாற்ற மாமியார் அரிசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காரணத்தை விழுங்கிக்கொண்டு வளைய வந்திருக்கிறாள்.

"அரிசி வரும்" என்றாள் தேனம்மை.

"அயித்தை..."

"பருப்பும் வரும், புளியும் வரும். இந்தத் தடவை ஒரு மூட்டை கூடவே வரும். வேறு வைக்கிறது நீங்க தனியா நிக்கப் பழகத்தான். யாரோ எவரோன்னு எழுதிக் குடுக்க இல்ல."

"அரிசி வந்தா உங்க காசை நீங்க தொட முடியாது. வெலை விழுந்தாலும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்."

"பாத்துக்கிட்டு இருக்கேன். இம்புட்டு நாளு உன்னைப் பாத்ததுக்கு, இனிமே அதைப் பாக்குறேன்."

சிவரஞ்சனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. காலையிலிருந்து பூமிநாதன் தவம் கிடந்த சிரிப்பு அது. நல்லவேளை, அவர் அங்கே இல்லை.

தேனம்மை முந்தானையால் மருமகள் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு இரண்டு பேருமாக மாவு பிசைந்தார்கள். பச்சரிசி மாவில் வெல்லப்பாகு ஊற்றி, நெய் விட்டுப் பிசையப் பிசைய, தேனம்மையின் மனசில் இருந்த பாரமும் இளகியது. டன்ட்ரா ஓடுமா படுக்குமா என்று அவளுக்கு இப்போதும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லாமல் போனதில் ஒரு நிம்மதி இருந்தது.

பொழுது சாய்ந்தது. புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்த இருபத்தோரு இழைகளையும் திரியாகத் திரித்து, பிடித்த மாவில் பதித்து, தாம்பாளத்தில் அடுக்கியாயிற்று. பிள்ளையாருக்கு ஆவாரம்பூ சாத்தியாயிற்று. வீட்டு நடுமுற்றமான வளவில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பூமிநாதன் மட்டும் இன்னும் யாரிடமோ போட்டிக்காரன் சிப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேனம்மைக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இந்தப் பாழாய்ப்போன ஷேர் ஆப் போனில் இருந்தால்தானே கை பரபரக்கும்? சிவரஞ்சனி கண் முன்னாலேயே அதை அழித்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் ஒரு தைரியமாக இருக்கும். தனக்கும் நல்லது.

உள்ளே போய், முக்காலி போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து போனை எடுத்தாள். அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பார்ப்பது தப்பில்லையே. கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தாள்.

அவள் தினமும் பார்க்கிற இடத்தில் ஹால்வெர் என்ற பேரைக் காணவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஷேர் எதுவும் இல்லை. அந்த இடத்தில் டாலராக ரொக்கம் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. ஹால்வெர், அனைத்தும் விற்கப்பட்டது, நேற்று.

தேனம்மை முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அமெரிக்காவில் சந்தை திறப்பது நமக்கு இரவில். நேற்று இரவு அவள் இந்த வீட்டில் எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள், போனைத் தொடவே இல்லை. கணக்கு அவள் பேரில் இருக்கிறது. ஆனால் அதை ஆரம்பித்துக் கொடுத்ததும், ஷேர் ஆப்காரன் அனுப்புகிற தகவலெல்லாம் தன் மெயிலுக்கு வரும்படி செய்துகொண்டதும் ஆதித்தன். அந்தக் கடவுச்சொல் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

இன்றைக்கு ஒரு நாளாவது விலை பார்க்காமல் இருங்கம்மா என்றானே? அம்மா மேல் வைத்த பாசம் என்று அதற்கல்லவா உருகினாள்?

எதற்காக விற்றான்? சிவரஞ்சனி அவனிடம் மட்டும் ஏதாவது சொல்லித் தொலைத்தாளா? சொல்லியிருந்தால், கிணற்றடியில் அழுததெல்லாம் என்ன? சொல்லவில்லை என்றால், இவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? பூமிநாதன் குழுவில் எழுதியதைப் படித்துப் பயந்தானா? அல்லது காசுக்கு வேறு ஏதாவது முடையா? ஒரு மணி நேரம் முன்புதான் சந்தேகத்தை எல்லாம் கழுவிப் போட்டிருந்தாள். அது முன்னைவிடப் பெரிதாக வந்து நின்றது. இந்த முறை அது பெற்ற பிள்ளை மேல்.

வீட்டில் யாரும் விற்கவில்லை, நான் பொறுப்பு என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருக்கிறாள். யாராச்சும் தொட்டா எனக்கு வேலை போகும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"தேனம்மை! இழை எடுக்க வா, நேரமாச்சு!" சத்தியமூர்த்தி வளவிலிருந்து கூப்பிட்டார்.

அவள் எழுந்து போனாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. கையில் போன் இருந்தது. வைக்க மறந்திருந்தாள்.

பிள்ளையார் முன்னால் சத்தியமூர்த்தி ஒவ்வொரு மாவிலும் திரியை ஏற்றி, எரிகிற சுடரோடு ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பூமிநாதன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அடுத்தது ஆதித்தன். குனிந்து அப்பாவிடம் இழையை வாங்கி, சுடரோடு விழுங்கி, கைகூப்பிக்கொண்டு நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் கண் அம்மாவைத் தேடியது. அவள் முகத்துக்கு வருவதற்கு முன்பே அது அவள் கையில் இருந்த போனில் போய் நின்றுவிட்டது. கூப்பிய கை அப்படியே இருந்தது.

"என்ன அயித்தை?" சிவரஞ்சனி பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். சாயங்காலம் முழுக்க அவள் முகத்தில் இருந்த தெளிவு இப்போதும் இருந்தது. "என்னமோ மாதிரி இருக்கீக. என்ன ஆச்சு?"

தேனம்மை போனை மடியில் சொருகி, முந்தானையை இழுத்து அதை மூடினாள்.

"ஒண்ணுமில்லத்தா" என்றாள்.